பழைய டிவியைத் தூக்கிப் போடும் முன்

(காலாண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த பிறகு கிளப் ஹாலில், டி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)

மெயின்டனன்ஸ் கட்டணம் பற்றிய விவாதம் முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பசி நேரம். டீ வருகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னை டி பிளாக் டிவி அங்கிள் என்றுதான் தெரியும். நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது 1982இல், டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருஷம். அதற்கு அடுத்த வருஷம் ஒரு கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். சாலிடேர், டயனோரா என்று நம் சென்னைப் பெயர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். மரப்பெட்டிக்கு ஷட்டர் வைத்து, பூட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். அன்றிலிருந்து 35 வருஷம் டிவியின் முதுகைப் பார்த்தே பிழைத்தவன் நான். முகத்தைப் பார்த்தது குறைவு.

இன்று அந்தப் பழைய பிக்சர் டியூப் டிவியைப் பற்றிப் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் ஆறு, எட்டு, பத்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறதே, எல்.இ.டி. டிவி, அதைப் பற்றித்தான். நாம் குடிவந்தபோது வாங்கியவை எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கிற வயது.

ஏன் இந்தப் பேச்சு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட மாமி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில். காலையில் பக்திப் பாடல், மத்தியானம் பழைய படம், சாயங்காலம் கிரிக்கெட். அவருக்கு ஜன்னலும் அதுதான், கடிகாரமும் அதுதான். ஒரு நாள் டிவி நின்றுவிட்டது. மாமி நெட்டில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். கம்பெனி சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார், பத்து நிமிஷம் பார்த்தார். "மெயின் போர்டு போச்சு மேடம், 9,500 ஆகும், அட்வான்ஸ் 3,000 கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். அதோடு போன் சுவிட்ச் ஆஃப்.

மாமி ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டது ரிப்பேருக்கு இல்லை. "புதுசா எந்த டிவி வாங்கலாம்னு நீங்க கொஞ்சம் வந்து சொல்லுங்கோ" என்றுதான். போனேன். டிவியை ஆன் செய்தால் திரையில் பளிச்சென்று எழுத்து வருகிறது: "நோ சிக்னல்". கீழே செட்-டாப் பாக்ஸில் விளக்கே எரியவில்லை. அதன் 12 வோல்ட் அடாப்டர் செத்துவிட்டது, அவ்வளவுதான். என் வீட்டிலிருந்து பொருத்தமான அடாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து சொருகினேன். படம் வந்தது. மாமா வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கும்பிட்டார். புது அடாப்டர் சில நூறு ரூபாய் சமாச்சாரம். போன 3,000 போனதுதான். அந்த ஒரு வாரம் மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாரே, அதற்கு விலை கிடையாது.

அதனால் முதல் விஷயம். திரையில் "நோ சிக்னல்" என்று வந்தால் அந்த எழுத்தை எழுதுவது யார்? டிவிதான். டிவி உயிரோடு இருக்கிறது, எனக்கு யாரும் சாப்பாடு போடவில்லை என்று சொல்கிறது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு டிவியின் சொந்த ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனு டிவிக்குள்ளேயே உருவாவது. மெனு சுத்தமாக, கோடு இல்லாமல், சரியான நிறத்தில் வந்தால் திரை சரி, உள்ளே இருக்கும் போர்டும் பெரும்பாலும் சரி. கோளாறு வெளியே: கேபிள், எச்.டி.எம்.ஐ. வயர், பாக்ஸ், அடாப்டர், அல்லது பேரப்பிள்ளை அழுத்திவிட்டுப் போன சோர்ஸ் பட்டன். மெனுவிலேயே கோடும் புகையும் தெரிந்தால் கோளாறு உள்ளே. என்னைக் கூப்பிட்ட வீடுகளில் கணிசமானவை இந்த ஒரு பட்டனிலேயே முடிந்தவை. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்காது.

அடாப்டர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. வோல்டேஜ் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். 12 என்றால் 12. ஆம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. நடுப்பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஸ்டிக்கரில் சின்னப் படம் போட்டிருக்கும், அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். "பின் நுழையுது சார்" என்பது போதாது.

டிவியில் சிவப்பு விளக்கே இல்லை என்றால் முதலில் அந்த பிளக் பாயின்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூன்று வீட்டில் சுவிட்ச் போர்டுதான் குற்றவாளி. சிவப்பு விளக்கு இருக்கிறது, ஆனால் ஆன் ஆகவில்லை, அல்லது லோகோவிலேயே நின்றுவிடுகிறது என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. பிடுங்கிவிட்டு டிவியின் சொந்தப் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிஷம் விட்டுவிட்டுத் திரும்பப் போடுங்கள். இன்றைய டிவி ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் தலை சுற்றும். விளக்கு மினுக் மினுக்கென்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் விட்டு விட்டு மினுக்கினால் எண்ணி எழுதி வையுங்கள். பல மாடல்களில் அது நோயின் பெயர். மெக்கானிக்கிடம் "ஆறு முறை மினுக்குது" என்று சொன்னால் அவர் பாதி வேலை முடிந்தது, உங்களை ஏமாற்றும் எண்ணமும் பாதி போய்விடும்.

ரிமோட்டைச் சந்தேகப்பட்டால் செல்போன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன பல்பைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் ஊதா நிறத்தில் மின்னும். சில போன்களில் பின்பக்கக் கேமரா அதை வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பாருங்கள். மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. ப்ளூடூத் ரிமோட்டுக்கு இது முழுதாகப் பொருந்தாது.

சரி, இப்போது முக்கியமான நோய்க்கு வருகிறேன். சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பத்து வருஷ டிவிக்கு இதுதான் மாரடைப்பு. ஆன் செய்ததும் ஒரு விநாடி பளிச்சென்று வெளிச்சம் வரும், உடனே இருட்டு. ஆனால் செய்தி வாசிப்பவர் பேசிக்கொண்டே இருப்பார். எல்லாரும் "பேனல் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அறையை இருட்டாக்குங்கள். டிவியை ஆன் செய்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சாய்வாக வைத்து உற்றுப் பாருங்கள். நிழல் மாதிரி உருவங்கள் அசைவது தெரிந்தால் படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. எல்.சி.டி. திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அது கலர் கண்ணாடி ஜன்னல் மாதிரி. பின்னால் விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்குதான் எல்.இ.டி. பட்டைகள். தீபாவளிக்குப் பால்கனியில் தொங்கவிடுகிறோமே சீரியல் செட், அதே கதை. வரிசையில் ஒரு மணி போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். டிரைவர் சர்க்யூட் ஏதோ தப்பு என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய முடியும். 32 இஞ்ச் டிவி என்றால் புது டிவி விலையில் சிறு பங்குதான். ஆனால் இரண்டு நிபந்தனை வைப்பேன். ஒன்று, போன ஒரு பல்பை மட்டும் மாற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றவையும் அதே வயசு, அதே சூடு தின்றவை. ஆறு மாதத்தில் அடுத்தது போகும். பட்டைகளை முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு, பேக்லைட்டுக்குப் போகும் கரன்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவருக்கு அது ஒரு ரெசிஸ்டர் வேலை. கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆயுசு கூடும். நீங்கள் இப்படிக் கேட்டதும் அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னும் போகாதவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். படத்துக்கான செட்டிங்கில் "பேக்லைட்" எவ்வளவு என்று பாருங்கள். பல வீட்டில் 100இல் இருக்கும். ஷோரூமில் நாற்பது டிவிக்கு நடுவே கண்ணைப் பறிக்க வைத்த அளவு அது, உங்கள் ஹாலுக்கு இல்லை. அறுபதுக்கோ எழுபதுக்கோ இறக்குங்கள். இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், மூன்றாம் நாள் மறந்துவிடுவீர்கள். "பிரைட்னெஸ்" என்று தனியாக ஒன்று இருக்கும். பல மாடல்களில் அதைக் குறைத்தால் கறுப்பு இன்னும் கறுப்பாகும், அவ்வளவுதான். விளக்கின் சூடு குறையாது. பேக்லைட்டைத்தான் இறக்க வேண்டும்.

திரையில் நிலா மாதிரி வெள்ளைப் பொட்டுகள் தெரிகிறதா? ஒவ்வொரு எல்.இ.டி. மேலும் ஒட்டியிருக்கும் சின்ன லென்ஸ், பசை காய்ந்து கழன்று விழுந்திருக்கிறது. திரும்ப ஒட்டலாம். ஆனால் அதற்குத் திரையையே கழற்ற வேண்டும், அதில் ஆபத்து உண்டு. பார்க்கச் சகிக்கிற அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி.

இன்னொரு பொதுவான நோய்: காலையில் ஆன் ஆக நேரம் எடுக்கும், டிக் டிக் என்று சத்தம் வரும், சூடானால் ஓடும். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துகொண்டிருக்கிறது. தலை உப்பிப்போய் இருக்கும், பார்த்தாலே தெரியும். ரிச்சி தெருவில் அதன் விலை ஒரு காபிக்கும் குறைவு. 85 டிகிரி என்று போட்டதைப் போடாமல் 105 டிகிரி என்று அச்சிட்டதைப் போட வேண்டும், அதுதான் விஷயம். ஏன் காய்கிறது? சூடு. இங்கே ஒரு புலம்பல். இன்டீரியர் செய்கிறேன் என்று டிவியைப் பிளைவுட் பொந்துக்குள் இஞ்சுக்கு இஞ்ச் இறக்கி வைத்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. டிவிக்கு மூச்சு விட வழி இல்லை. மேலேயும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடமாவது விடுங்கள். காற்றுத் துவாரத்தில் எறும்பு வரிசை போனால் அலட்சியம் செய்யாதீர்கள். எறும்புக்கும் பல்லிக்கும் அந்த இளஞ்சூடு ரொம்பப் பிடிக்கும். பல்லி ஒன்று குறுக்கே விழுந்தால் போர்டும் போகும், பல்லியும் போகும்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சி பிளாக் சார் ஒருவர், முன் வரிசையில்தான் இருக்கிறார், ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டு 40 இஞ்ச் டிவியில் ஒரு நாள் நிறமெல்லாம் போட்டோ நெகட்டிவ் மாதிரி ஆகி, அங்கங்கே கோடு. போய்ப் பார்த்தேன். அன்று எனக்கு வேறு வேலை, அவசரம். திறக்காமலே "பேனல் போச்சு சார், செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டேன். என் பேச்சை நம்பி அவர் புது டிவி வாங்கினார். பழையதைக் காயலான் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து, நம் கேட்டுக்கு எதிரே துணி தேய்க்கும் தம்பி வீட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். சுவரில் அதே டிவி. ஓரத்தில் சார் வீட்டுப் பேத்தி ஒட்டிய ஸ்டிக்கர்கூட அப்படியே. படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. காயலான் கடையில் 700 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். அவன் மச்சான் செல்போன் கடையில் வேலை செய்கிற பையன். பின்பக்கம் திறந்து, மெயின் போர்டிலிருந்து டி-கான் என்ற சின்ன போர்டுக்குப் போகும் பட்டை வயரைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் சொருகியிருக்கிறான். அவ்வளவுதான் ரிப்பேர்.

கடல் காற்றில் அந்த இணைப்புகள் பாசி பிடிக்கும் என்று பிறருக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்தத் தம்பி என்னிடம் "டிவி நல்லா இருக்குல்ல அங்கிள்?" என்று கேட்கிறான். நல்லா இருக்குப்பா என்றேன். வேறென்ன சொல்ல. மறுநாள் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, காபி கொடுத்தார். அதற்குப் பிறகு பட்டை வயரைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் பேனல் போச்சு என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. உங்களிடம் வருகிற மெக்கானிக்கும் திறக்காமல் அப்படிச் சொன்னால், "டி-கான் கேபிள் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஆனால் மேலிருந்து கீழாக மெல்லியதாக ஒரே ஒரு கோடு, பச்சையோ ஊதாவோ, அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் நிஜமாகவே பேனல் சமாச்சாரம். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் முடி போன்ற இணைப்பு விட்டிருக்கும். ஓரத்தைத் தட்டினால் போகிறது என்று சிலர் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தட்டத் தட்ட ஒன்று நான்காகும். அந்தக் கோட்டோடு வாழப் பழகுங்கள். எங்கள் வீட்டு டிவியிலேயே மூன்று வருஷமாக ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரி அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறாள், எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதால்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது இன்று ராத்திரியே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவிடாதீர்கள். குறிப்பாக இன்ஜினியரிங் படிக்கும் தம்பிகள். வீடியோவில் பத்து நிமிஷத்தில் முடிகிறது. நிஜத்தில் அந்தத் திரை இரண்டு கண்ணாடித் தாள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. 43 இஞ்சை ஒற்றை ஆளாகத் தூக்கினால் தன் எடையிலேயே வளைந்து உடையும். நம் குடியிருப்பிலேயே ஒன்று உடைந்தது. பெயர் சொல்லவில்லை, அம்மாவிடம் வாங்கியது போதும்.

உடைவதைவிடப் பெரிய விஷயம் ஷாக். 230 வோல்ட் உள்ளே போய் டி.சி. ஆகும்போது சுமார் 325 வோல்ட். சில பெரிய டிவிகளில் அதையும் தாண்டும். அது பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். வடிந்துவிட வேண்டும் என்றுதான் வடிவமைக்கிறார்கள், ஆனால் கெட்டுப்போன போர்டில் அது வடியாமலே இருக்கலாம். முப்பது வருஷ அனுபவத்துக்குப் பிறகும் ஒரு நாள் என் இரண்டு விரல் அதன் கால்களில் பட்டது. பிளக் என் மடியில் கிடக்கிறது, நான் சுவரோரம் கிடக்கிறேன். விரல் நுனியில் இரண்டு வெள்ளைத் தழும்பு, டீ குடிக்கும்போது காட்டுகிறேன். வேலை முழுக்க ஒரே கையில் இருந்ததால் தப்பித்தேன். ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவே பாய்ந்திருந்தால் அது நெஞ்சு வழியாகப் போயிருக்கும். மெனு, டார்ச், பிளக், ரிமோட், செட்டிங் ஆகியவை உங்கள் எல்லை. பின்மூடிக்கு அந்தப் பக்கம் தொழில் தெரிந்தவர் எல்லை. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். சிகரெட் பெட்டித் தாள், செம்புக் கம்பி எல்லாம் வீட்டைக் கொளுத்தும் வைத்தியம்.

இப்போது சங்கம் காது கொடுக்க வேண்டிய பகுதி. போன மே மாதம் பி பிளாக்கில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சில வீட்டில் லைட் சூரியன் மாதிரி எரிந்தது, சில வீட்டில் அகல் விளக்கு மாதிரி மங்கியது. பத்து நிமிஷத்தில் ஏழு டிவி, இரண்டு ஃப்ரிட்ஜ். எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டினோம். நான் நான்கு டிவியைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் ஒரே காட்சி: கரன்ட் நுழையும் இடத்தில் காசு மாதிரி வட்டமாக ஒரு பாகம் இருக்கும், எம்.ஓ.வி. என்போம், அது கருகி வெடித்திருந்தது, பக்கத்தில் ஃபியூஸ் போயிருந்தது. இது இடி இல்லை. நியூட்ரல் விட்டதன் அடையாளம்.

நம் பிளாக்குக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபேஸ், எனக்கு வேறு ஃபேஸ், நியூட்ரல் எல்லாருக்கும் பொது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். பொது நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்தோ தளர்ந்தோ விட்டுப்போனால், உங்கள் வீடும் என் வீடும் அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏ.சி., ஹீட்டர் என்று நிறைய ஓடுகிற வீட்டுக்குக் குறைவாக வரும். டிவி மட்டும் ஓடுகிற வீட்டுக்கு 300, 350 வரும். சிக்கனமாக இருப்பவனுக்குத்தான் அடி. எம்.ஓ.வி. தன்னைப் பலி கொடுத்து ஃபியூஸை வெடிக்க வைத்து மற்ற பாகங்களைக் காப்பாற்றுகிறது. நான் திறந்த நான்கில் மூன்று, அந்த இரண்டு பாகத்தை மாற்றியதும் ஓடின. ஆனால் அதற்குள் இரண்டு வீட்டில் புது டிவிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

எனவே செயலாளரிடம் இரண்டு கோரிக்கை. ஒவ்வொரு பிளாக்கின் மீட்டர் அறையிலும் நியூட்ரல் இணைப்புகளை வருஷம் ஒரு முறை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, சப்ளையை நிறுத்திச் சுத்தம் செய்து முறுக்கி வைக்க வேண்டும். லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு பதிவேடு. இதற்கு ஆகும் செலவு ஒரு டிவி விலைகூட வராது. அடுத்தது உங்கள் ஒவ்வொருவருக்கும்: வீட்டு மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பைக் கார்டு போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது கண் இமைக்கும் நேரம் வரும் எகிறலைத் தாங்கும், பத்து நிமிஷம் நிற்கும் 350 வோல்ட்டைத் தாங்காது. லைட் திடீரென்று கண் கூசுகிற மாதிரி எரிந்தால் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடாதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள், பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அக்டோபர் பிறந்தால் நமக்கு மழையும் இடியும். இடி நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்குகிறீர்கள், மொட்டை மாடியிலிருந்து வரும் டிஷ், கேபிள் வயர் டிவியோடேயே கிடக்கிறது. எச்.டி.எம்.ஐ. போர்ட் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான். அதையும் கழற்றுங்கள். கழற்றும்போது கை சுரீர் என்கிறதா? டிவியும் பாக்ஸும் இரண்டு பின் பிளக் என்பதால் மெல்லிய கசிவு இருக்கும், அது பெரும்பாலும் கூச்சம்தான். ஆனால் எல்லா பிளக்கையும் பிடுங்கிய பிறகும் கேபிள் வயரில் அடித்தால் அது மாடியிலிருந்து வருகிற நிஜக் கரன்ட். தொடாமல் விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் சொல்லுங்கள்.

துடைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் திரவம் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, டிவியை அணைத்துவிட்டுத் துடையுங்கள். திரையில் நேராகத் தெளித்தால் தண்ணீர் கீழ் ஓரத்தில் இறங்கும். அங்கேதான் எல்லா நுண்ணிய இணைப்பும் இருக்கிறது.

ஸ்மார்ட் டிவி மெதுவாகிவிட்டது, ஆப் வேலை செய்யவில்லை என்பதற்காக நல்ல திரையைத் தூக்கிப் போடாதீர்கள். வேண்டாத ஆப்களை நீக்குங்கள், அதிலும் சரியாகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். அப்புறமும் முடியாவிட்டால் எச்.டி.எம்.ஐ.யில் சொருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கிப் போடுங்கள். மூளைதான் கிழடு, கண் நன்றாக இருக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது நம்பரை நெட்டில் தேடாமல், வாரன்ட்டி அட்டையிலிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், மாடல் நம்பர் இல்லாமல் பாகம் கிடைக்காது. அட்வான்ஸ் கேட்டால் ரசீது கேளுங்கள். போர்டைக் கழற்றிக் கொண்டுபோவதாக இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாமி இதற்குள் அதில் புகார் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது கைவிடுவது? பேனல் உடைந்தால். அல்லது ரிப்பேர் செலவு புது டிவியில் பாதியைத் தாண்டினால். அப்போதும் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எதிர்க்கேட் தம்பியை நினைத்தால். ஓடக்கூடியது என்றால் ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். ஓடவே ஓடாதது என்றால் அது உடைத்துப் பிரிக்கிறவர்களின் நுரையீரலுக்குப் போகிறது. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம், எல்.இ.டி.க்கு முந்தைய எல்.சி.டி. டிவிகளின் விளக்குக் குழாயில் பாதரசம். மின்கழிவு விதிகள் 2022இல் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். சங்கம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரவழைத்தால் எல்லா வீட்டுப் பரணும் காலியாகும்.

டீ வந்துவிட்டது. வாசல் பக்கம் மூன்று டிவியைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதில் அந்த 32 இஞ்சுக்குச் சத்தம் வருகிறது, படம் இல்லையாம். லைட்டை அணையுங்கள் தம்பி. யாராவது ஒரு டார்ச் கொடுங்கள், பார்த்துவிடுவோம்.